மாரி காலமும் கோழிக்கூடும்: ஈரம் அகன்றால் மணமும் அகலும்

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும், வீட்டு வளவில் கோழி வளர்ப்போர் பெரும்பாலும் ஒரே விதமான குறைகளையே சொல்வர். கூட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை, மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, இலையான் பெருகிவிட்டது, முட்டை குறைந்துவிட்டது, குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இவை தனித்தனிக் குறைகள் போலத் தோன்றினாலும், இவற்றுட் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். கூட்டினுள் ஈரம் தங்கிவிட்டது என்பதே அது.

பத்துக் கோழி வளர்க்கும் ஒரு குடும்பத்துக்கு இது சிறிய விடயம் அன்று. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது கோழித்தீவனத்தின் விலையும் முட்டையின் விலையும் எவ்வளவு உயர்ந்தன என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய வேண்டிய நிலையும் ஏற்பட்டது. அத்தகைய காலத்திற் பிள்ளைகளின் கோப்பையில் ஒரு முட்டையை வைக்க முடிந்த வீடுகள், வளவில் நாலு கோழியாவது நின்ற வீடுகளே.

இன்னொன்றும் உண்டு. வளவுகள் சிறுத்து வீடுகள் நெருங்கிவிட்ட இக்காலத்திற் கூட்டின் நாற்றம் வேலியுடன் நின்றுவிடுவதில்லை. அயலவர் முகம் சுளிப்பர். பின்பு பேச்சு வரும். சில வேளைகளிற் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறைப்பாடும் போகும். நோயினால் மட்டுமல்ல, அயலுடன் ஏற்படும் மனக்கசப்பினாலும் கோழி வளர்ப்பைக் கைவிட நேரிடும். எனவே இக்கட்டுரையில் ஈரமும் மணமும் எவ்வாறு தோன்றுகின்றன, அதிக செலவின்றி அவற்றை எவ்வாறு கட்டுப்படுத்தலாம் என்பவற்றை நோக்குவோம்.

மணம் எவ்வாறு உண்டாகிறது?

கோழிக்குச் சிறுநீர் தனியாக வெளியேறுவதில்லை. அதன் எச்சத்தின் மேல் வெள்ளையாகக் காணப்படும் பகுதியே சிறுநீருக்குச் சமமானது. அது யூரிக்கமிலம் எனப்படும் பொருளாகும். புதிதாக விழுந்த எச்சத்தில் அந்தக் கண்ணைக் கரிக்கும் நெடி இருப்பதில்லை. எச்சம் விரைவாகக் காய்ந்துவிட்டால் அது பின்பும் பெரிதாக நாறுவதில்லை. ஆனால் எச்சம் ஈரமாகக் கிடந்தால், கூளத்திலுள்ள பற்றீரியாக்கள் யூரிக்கமிலத்தைச் சிதைத்து அமோனியா வாயுவை உண்டாக்குகின்றன. கூட்டைத் திறந்ததும் மூக்கிலேறுவது இந்த அமோனியாதான்.

இந்தப் பற்றீரியாக்கள் வேலை செய்வதற்கு யூரிக்கமிலம், வெப்பம், ஈரம் ஆகிய மூன்றும் வேண்டும். கோழி இருக்கும்வரை எச்சம் இருக்கும். எமது நாட்டில் வெப்பத்துக்கும் குறைவில்லை. எமது கையில் இருப்பது ஈரம் ஒன்றே. அதைக் குறைத்தால் பற்றீரியாக்களின் வேலை தடைப்படும், மணமும் குறையும். மணத்தை மறைப்பதற்குப் பினைல் தெளிப்பதும் வேறு வாசனைப் பொருள் போடுவதும் வீண் செலவு. தெளிக்கும் நீரும் ஈரத்தையே கூட்டும்.

ஈரக் கூட்டினால் விளையும் தீங்குகள்

அமோனியா நிலத்திலிருந்து எழும்புகிறது. கோழியோ நிலத்துக்கு அருகில் மூச்சு விடுகிறது. நின்றபடி கூட்டுக்குள் எட்டிப் பார்க்கும் எமக்குத் தெரிவதிலும் கூடுதலான வாயுவை அது நாள் முழுவதும் சுவாசிக்கிறது. காற்றின் பத்து இலட்சம் பங்கில் அமோனியா 25 பங்குக்கு மேற்படக் கூடாது என்பது கோழிப் பண்ணைகளில் வைத்துக்கொள்ளும் அளவாகும். அதற்கு மேற்பட்டால் சுவாசக் குழாயிலுள்ள நுண்ணிய மயிர்கள் பழுதடைகின்றன. தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளுபவை இவையே. இவை பழுதடைந்த கோழியை ராணிக்கெற் போன்ற நோய்கள் இலகுவிற் பற்றிக்கொள்ளும். அளவு மேலும் கூடினாற் கண்கள் வீங்கி நீர் வடியும், தீனி எடுப்பது குறையும், முட்டையும் குறையும்.

இதனை அளக்கக் கருவி தேவையில்லை. காலையிற் கூட்டைத் திறந்தவுடன் உள்ளே சென்று, கோழியின் உயரத்துக்குக் குந்தியிருந்து சில நிமிடங்கள் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் கரித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம். ஆனால் நாள்தோறும் அம்மணத்திற் பழகியவரின் மூக்கு மரத்துவிடும். ஆகவே இடையிடையே வெளியார் ஒருவரைக் கொண்டு பார்ப்பித்தல் நல்லது.

இரத்தக்கழிச்சல் நோயும் ஈரத்துடன் சேர்ந்தே வருகிறது. இந்நோயின் முட்டைகள் நோயுற்ற கோழியின் எச்சத்துடன் வெளியேறுகின்றன. வெளியேறியவுடன் அவற்றால் நோயைப் பரப்ப முடியாது. ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஒன்று அல்லது இரண்டு நாட்களில் அவை முதிர்ந்து, தீனியுடன் அடுத்த கோழியின் வயிற்றுக்குள் செல்கின்றன. மூன்று முதல் ஆறு கிழமை வயதான குஞ்சுகளே இதனாற் பெரிதும் இறக்கின்றன. இம்முட்டைகளைச் சாதாரண கிருமிநாசினிகள் கொல்லமாட்டா. உலர்ந்த கூளமே இவற்றுக்குத் தடை.

இலையானும் அவ்வாறே. ஈர எருவில் இட்ட முட்டை, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் இலையானாக எமது வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். உலர்ந்த எருவிற் புழு பிழைக்காது. இவை தவிர, ஈரக் கூளத்தில் நிற்கும் கோழியின் பாதம் புண்ணாகும். பூஞ்சணம் பிடித்த கூளத்தினால் நுரையீரல் நோய் வரும். அழுக்குப் பிடித்த முட்டை விரைவிற் கெட்டுப்போகும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்கு

பரிகாரம் தேடுமுன் கணக்குப் பார்ப்போம். முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ கால் லீற்றர் தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். அது இடும் எச்சம் 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். அதில் முக்காற் பங்கு நீர். எனவே பத்துக் கோழிகளை நாள் முழுவதும் அடைத்து வைத்தால், எச்சத்தின் மூலம் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் கூளத்திற் சேர்கிறது. ஒரு மாதத்தில் இது 30 லீற்றர். அதாவது இரண்டு பெரிய வாளி. நல்ல காற்றோட்டமுள்ள கூட்டில் இவ்வளவு நீரும் மெல்ல மெல்ல ஆவியாகிப் போய்விடும்.

இப்போது மழையைப் பாருங்கள். 6 அடி நீளமான ஒரு பக்கத்தால் ஓர் அடி தூரத்துக்குச் சாரல் உள்ளே அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குல மழையில் அவ்விடத்தில் விழும் நீர் சுமார் 14 லீற்றர். கோழிகள் இரண்டு கிழமைகளிற் சேர்க்கும் நீரை ஒரே இரவின் சாரல் சேர்த்துவிடுகிறது. அதே ஓர் அங்குல மழையில், பத்துக் கோழிக்கான சிறிய கூட்டின் கூரையிலிருந்து 250 லீற்றர் வரை நீர் வழிந்து சுவரின் அடியில் விழும். அதற்குப் போக வழியில்லாவிட்டால் அது நிலத்தினூடாக உள்ளே ஊறும்.

இக்கணக்கு எமக்குச் சொல்வது இதுதான்: எச்சத்தின் நீரைக் காற்றுக் கொண்டுபோகும், ஆனால் மழை நீரைக் காற்றால் வெல்ல முடியாது. அதனை வெளியிலேயே தடுத்துவிட வேண்டும்.

கூரையும் தாவாரமும்

கிடுகு அல்லது பனையோலைக் கூரை வெப்பத்தைத் தடுக்கும். காற்றையும் ஓரளவு விடும். ஆனால் மாரிக்கு முன்னரே அதனைப் பார்த்து வேய்ந்துவிட வேண்டும். முதல் மழை பெய்த பின் ஒழுக்குத் தேடுவது காலம் கடந்த வேலை. பகலிற் கூட்டுக்குள் நின்று மேலே பார்த்தால், வெளிச்சம் புள்ளியாகத் தெரியும் இடமெல்லாம் ஒழுகும் இடங்களே. தகரக் கூரை போட்டவர்கள் ஆணித் துளைகளைக் கவனிக்க வேண்டும். குளிரான இரவுகளிற் கோழிகளின் மூச்சிலுள்ள ஈரம் தகரத்தின் அடியிற் பனித்துச் சொட்டும். தகரத்தின் கீழ் ஒரு வரிசை கிடுகு கட்டினால் இது குறையும். பகல் வெப்பமும் தணியும்.

தாவாரம் சுவருக்கு வெளியே 2½ முதல் 3 அடி வரை நீண்டிருக்க வேண்டும். வடக்குக் கிழக்குப் பகுதிகளில் மாரி மழை வாடைக்காற்றுடன் வருவதால், வடக்கு, கிழக்குப் பக்கங்களிலேயே சாரல் அதிகம். மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் தென்மேற்கிலும் வைகாசி முதல் வீசும் பருவக்காற்று மேற்குப் பக்கத்தைத் தாக்கும். உங்கள் இடத்தில் மழைக்காற்று எப்பக்கமிருந்து வருகிறதோ அப்பக்கத்துத் தாவாரத்தை நீட்டுங்கள்.

நிலம்

கூட்டின் தரை வளவு மட்டத்திலிருந்து ஓர் அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். சீமெந்து போட வசதியில்லாதவர்கள், புற்றுமண்ணும் களியும் கலந்து இறுக அடித்துச் சாணம் மெழுகலாம். கூட்டைச் சுற்றித் தாவார நீர் விழும் இடத்தில் அரை அடி ஆழமான வாய்க்கால் வெட்டி, அந்நீரை வாழைப் பாத்திக்கோ தென்னைக்கோ விடுங்கள்; கிணற்றுப் பக்கம் விடாதீர்கள். வாசலிற் சரளைக்கல்லோ பருமணலோ பரப்பினால், வெளியே மேய்ந்து வரும் ஊர்க்கோழிகள் காலில் ஒட்டிய சேற்றை உள்ளே கொண்டுவரமாட்டா.

கால்களின் மேல் நிற்கும் பலகைக் கூடு வைத்திருப்போர் தமக்கு இந்தத் தொல்லை இல்லை என எண்ணுவர். எச்சம் கீழே விழுந்துவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் விழுந்த எச்சத்தின் மேல் மழை நீர் ஓடினால், நாற்றமும் இலையானும் முன்னரைப் போலவே இருக்கும். கூட்டின் கீழும் நிலத்தை உயர்த்தி, உமி அல்லது காய்ந்த சருகு பரப்பி, கிழமைக்கு ஒரு தடவை வாரி எடுக்க வேண்டும்.

தண்ணீர்ப் பாத்திரம்

மழைக்கு அடுத்தபடியாகக் கூளத்தை நனைப்பது தண்ணீர்ப் பாத்திரம். அகன்ற சட்டியைத் தரையில் வைத்தாற் கோழி அதற்குள் இறங்கும், கூளத்தைக் கிளறி நிரப்பும், தட்டிக் கவிழ்க்கும். பாத்திரத்தின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்குமாறு செங்கல்லின் மேல் வையுங்கள், அல்லது கயிற்றிற் கட்டித் தொங்கவிடுங்கள். அதனைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குக் கூளத்தை நீக்கி மணல் பரப்பினாற் சிந்தும் நீரை இலகுவாக அகற்றலாம்.

வீட்டிலுள்ள பிளாஸ்ரிக் கான் ஒன்றைக் கொண்டே நல்ல பாத்திரம் செய்யலாம். கானின் வாய்க்கு அருகில் ஒரு துளை இட்டு, நீரை நிரப்பி மூடி, கரையுள்ள தட்டொன்றிற் கவிழ்த்து வையுங்கள். துளை தட்டின் விளிம்பிலும் தாழ்வாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். தட்டிலுள்ள நீர் துளையை மூடியதும் கானிலிருந்து வருவது நின்றுவிடும். கோழி குடிக்கக் குடிக்க மீண்டும் வரும். துளை விளிம்பிலும் உயர்ந்திருந்தால் நீர் முழுவதும் வழிந்துபோகும்.

எச்சம் வழமையிலும் நீர்த்தன்மையாக இருந்தாற் தீனியையும் நீரையும் கவனியுங்கள். கருவாட்டுக் கழிவு, உப்புச் சேர்ந்த சமையற் கழிவு, உவர்க் கிணற்று நீர் ஆகியன கோழியின் தாகத்தைக் கூட்டும், எச்சமும் நீராகும். இவற்றைத் திருத்திய பின்னும் கழிச்சல் நிற்காவிட்டால், அல்லது எச்சத்தில் இரத்தம் காணப்பட்டால், தாமதியாது கால்நடை வைத்தியரை நாடுங்கள்.

காற்றுக்கு வழி விடுங்கள்

மழை தொடங்கியதும் கூட்டின் நாற்புறமும் தறப்பாள் அல்லது பொலித்தீன் கட்டி மூடிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. கோழிகளுக்குக் குளிருமே என்ற இரக்கத்தினாற் செய்யப்படும் இச்செயல் அவற்றுக்குப் பெரும் தீங்காகிறது. எச்சத்திலிருந்தும் மூச்சிலிருந்தும் வரும் ஈரமும் அமோனியாவும் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். சிறகு முளைத்த கோழி எமது மாரிக் குளிரைத் தாங்கும். நனைவதையும், உடலில் நேராக அடிக்கும் ஈரக் காற்றையுமே அது தாங்காது.

எனவே மூடும் முறையை மாற்ற வேண்டும். சுவர் நிலத்திலிருந்து ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்துக்கு அடைப்பாக இருக்கட்டும். அதற்கு மேல் கம்பிவலை. மழைக்காற்று வரும் பக்கத்துக்குச் சாக்கினால் அல்லது உரப்பையினால் ஒரு திரை செய்து, கீழிருந்து மேலாக இழுத்துக் கட்டக்கூடியதாக அமையுங்கள். எவ்வளவு பெருமழையாயினும் திரைக்கும் கூரைக்கும் இடையில் அரை அடி முதல் ஓர் அடி வரை இடைவெளி இருக்க வேண்டும். நீண்ட தாவாரம் அவ்விடைவெளியை மழையிலிருந்து காக்கும். வெப்பமான ஈரக்காற்று மேலே எழுந்து அதன் வழியே வெளியேறும். எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கட்டும். மழை விட்டதும் திரையை இறக்கிவிடுங்கள்.

மரநாய்க்கும் கீரிக்கும் பயந்து துவாரங்களை அடைப்பவர்கள் அரை அங்குலக் கம்பிவலையைப் பாவிக்கலாம். சிறு குஞ்சுகளுக்கு மட்டும் வெப்பம் வேண்டும். அவற்றைப் பெட்டியிலோ தடுப்புக்குள்ளோ மின்குமிழுடன் தனியே வையுங்கள். அங்கும் மேற்பக்கத்தை முற்றாக மூடாதீர்கள்.

இடநெருக்கடியும் ஈரத்தைக் கூட்டும். நாள் முழுவதும் கூட்டில் இருக்கும் முட்டைக் கோழி ஒன்றுக்கு 2½ சதுர அடியாவது வேண்டும். 3 சதுர அடி கொடுத்தால் நல்லது. பத்துக் கோழிக்கு 6 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள கூடு போதும். அதில் இருபது கோழியை அடைத்தால் மேற்கூறிய கணக்கு இரு மடங்காகும். எந்தக் கூளமும் தாங்காது.

கூளம்

கூளத்தின் வேலை எச்சத்தின் நீரை வாங்கிப் பரப்பி, காற்றிற் காயவிடுவதாகும். அதற்காக அது உதிரியாக இருக்க வேண்டும்.

உமி: நெல் விளையும் பகுதிகளில் மலிவாகக் கிடைக்கும். நீரை அதிகம் உறிஞ்சாவிட்டாலும் எளிதில் இறுகாது, விரைவாகக் காயும்.

மரச்சீவல், மரத்தூள்: நீரை நன்கு உறிஞ்சும். மருந்து ஊட்டிய மரத்தின் தூளைத் தவிர்க்க வேண்டும். மரக்காலையிலிருந்து வரும் தூள் பச்சையாக இருக்கும். வெயிலிற் காயவைத்தே பாவியுங்கள். நுண்ணிய தூளைக் குஞ்சுகள் தின்னக்கூடும் ஆதலால் அவற்றுக்கு உமியே சிறந்தது.

வைக்கோல்: இரண்டங்குலத் துண்டுகளாக வெட்டி மற்றவற்றுடன் கலக்கலாம். நீளமாகப் போட்டாற் பாய் போலப் படிந்து பூஞ்சணம் பிடிக்கும்.

தும்புத்தூள்: தன் நிறையிலும் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அதுவே அதன் குறையும் ஆகும். நன்றாகக் காய்ந்ததை உமியுடன் கலந்து மட்டும் பாவியுங்கள்.

30 சதுர அடிக் கூட்டுக்கு 4 அங்குலத் தடிப்பிற் பரப்ப நாலைந்து உரப்பை உமி வேண்டும். பின்பு சிறிது சிறிதாகச் சேர்த்து 6 அங்குலத்துக்குக் கொண்டு வரலாம். இதுவே ஆழ்கூள முறை. இம்முறையைக் காய்ந்த காலத்தில், ஆவணி புரட்டாதியில், தொடங்குவது நன்று. மழை வருமுன் கூளம் பக்குவப்பட்டுவிடும். மேலும் மூன்று நாலு பை உமியை நிலத்தில் முட்டாமல் பரண் மீது சேமித்து வையுங்கள். மாரியில் உலர்ந்த உமி தேடி அலைவது கடினம்.

இரவிற் கோழிகள் அசையாது ஓரிடத்தில் இருப்பதால் எச்சத்தின் பெரும் பங்கு குந்துதடியின் கீழேயே குவிகிறது. தடியின் கீழ் ஒரு பலகையோ பழைய தகரமோ வைத்து, காலைதோறும் சுரண்டிக் கடகத்தில் அள்ளிவிட்டாற் கூளத்துக்குச் சேரும் நீரின் கணிசமான பங்கு குறைந்துவிடும். ஐந்து நிமிட வேலை இது. இக்கட்டுரையிற் கூறப்படும் யாவற்றிலும் குறைந்த உழைப்பிற் கூடிய பலன் தருவது இதுவே எனலாம்.

கைப்பிடிச் சோதனை

கூளத்தின் ஈரலிப்பு 20 முதல் 30 வீதத்துக்குள் இருக்க வேண்டும். இதனை அறிய, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு அப்பாலுள்ள ஓரிடத்திலிருந்து ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்து, கையை விரித்துப் பாருங்கள்.

ஒட்டாமற் தூசியாகப் பறந்தால்: அதிகம் காய்ந்துவிட்டது. தூசியும் சுவாசத்துக்குக் கெடுதி.

இலேசாக ஒட்டி, விரல் பட்டதும் உதிர்ந்தால்: சரியான பதம்.

உருண்டையாகவே நின்றால்: ஈரம் மிஞ்சிவிட்டது. அன்றே கவனிக்க வேண்டும்.

கையில் நீர் கசிந்தால்: அக்கூளம் பயனற்றது. அகற்றிவிடுங்கள்.

கிழமைக்கு ஒரு தடவையும் மாரியில் இரண்டு மூன்று தடவையும் கூளத்தை முள்ளுவாரியாற் கிளறுங்கள். மழை விட்டுச் சிறிது வெயிலடிக்கும் நேரத்திற் கோழிகளை வெளியே விட்டுவிட்டுக் கிளறுவது சிறந்தது. அடுத்த வேளைக்கு ஒரு பிடி நெல்லையோ குரக்கனையோ கூளத்தில் எறிந்துவிட்டாற் கோழிகள் தாமே கிளறி வேலையை முடித்துவிடும்.

சுண்ணாம்பும் சாம்பலும்

கூடு நாறினாற் சுண்ணாம்பு போடு என்பது ஊரில் வழங்கும் ஆலோசனை. இதில் ஒரு தெளிவு வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் அமோனியா வாயுவைத் தயாரிப்பதற்கு, அமோனியம் குளோரைட்டுடன் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து சூடாக்குவதைப் பிள்ளைகள் படித்திருப்பர். ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு போடும்போதும் நடப்பது அதுதான். கூளத்திற் கட்டுண்டிருந்த அமோனியா வாயுவாகி வெளியேறும். மணம் குறையாது கூடும். அடுப்புச் சாம்பலும் காரத்தன்மை உடையதாதலால் ஈரக் கூளத்தில் அதே விளைவையே தரும்.

இதனாற் சுண்ணாம்பு வேண்டாத பொருள் என்று ஆகிவிடாது. பழைய கூளம் முழுவதையும் அகற்றி, தரையைக் கூட்டிய பின், கோழிகள் வெளியே இருக்கும்போது தரைக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு பூசுங்கள். நன்கு காய்ந்த பின் புதுக் கூளம் பரப்புங்கள். சாம்பலை உலர்ந்த மணலுடன் கலந்து ஒரு பெட்டியில் இட்டு, மழை படாத மூலையில் வைத்தாற் கோழிகள் அதிற் புரண்டு குளித்துப் பேனைப் போக்கிக்கொள்ளும்.

கூடு ஏற்கெனவே நனைந்துவிட்டால்

ஈரக் கூளத்தின் மேல் உலர்ந்த உமியைக் கொட்டி மறைப்பதாற் பயனில்லை. அடியிலுள்ள ஈரம் ஓரிரு நாளில் மேலே வந்துவிடும். செய்ய வேண்டியவற்றை இந்த ஒழுங்கிற் செய்யுங்கள்.

முதலாவதாக, நீர் வந்த வழியைக் கண்டுபிடித்து அடையுங்கள். கூளத்தில் எந்த இடம் கூடுதலாக நனைந்திருக்கிறது என்பதே வழியைக் காட்டும். சுவரோரமாயின் சாரல் அல்லது வாய்க்கால். நடுவிலாயின் கூரை ஒழுக்கு. ஒரு வட்டமாக இருந்தால் தண்ணீர்ப் பாத்திரம். எங்கும் ஒரே சீராக ஈரமாயின் காற்றோட்டக் குறைவு அல்லது இடநெருக்கடி.

இரண்டாவதாக, கட்டியான, நனைந்த பகுதிகளை அள்ளி வெளியேற்றுங்கள். கிளறும்போது அமோனியா திடீரென எழும்புமாதலால் கோழிகளை வெளியே விடுங்கள். நீங்களும் மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, உதிரியான கூளத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, தரையைக் காற்றில் உலரவிட்டு, மீண்டும் பரப்பி, சேமித்த உமியை அதனுடன் கலவுங்கள்.

மணமாகப் பறப்பது பசளையே

அமோனியா என்பது நைதரசன் சேர்ந்த வாயு. பயிருக்கு வேண்டிய நைதரசனே மணமாகக் காற்றிற் போகிறது. 2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டபோது சேதனப் பசளையைத் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கோழி எருவில் மாட்டெருவிலும் கூடிய நைதரசன் உண்டு. ஈரக் கூட்டில் நாம் இழப்பது கோழியின் உடல்நலத்தை மட்டுமன்று, தோட்டத்துக்குரிய உரத்தையும்தான்.

அகற்றிய எருவையும் கூளத்தையும் வேலியோரம் திறந்தபடி குவித்தால், கூட்டிலிருந்த நாற்றம் வேலியோரம் வந்து சேரும், அவ்வளவே. ஒரு கடகம் எருவுக்கு இரண்டு மூன்று கடகம் காய்ந்த சருகு அல்லது வைக்கோலை மாறிமாறி அடுக்கி, மேலே கிடுகினால் மூடி மழையிலிருந்து காத்துக் கூட்டெருவாக்குங்கள். இடையிடையே புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதங்களில் அது மண்வாசனையுள்ள எருவாகும். பச்சைக் கோழி எருவை நேரே மிளகாய்க்கோ கத்தரிக்கோ போடாதீர்கள், வேர் கருகிவிடும்.

மாரிக்கு முன் செய்ய வேண்டியவை

கூரை வேய்தல், தாவாரம் நீட்டல், வாய்க்கால் வெட்டல், திரை தைத்தல், உமி சேமித்தல் ஆகிய ஐந்தையும் புரட்டாதிக்குள் முடித்துவிடுங்கள். இவற்றுட் பெரும்பாலானவை பணத்தால் அன்றி உழைப்பால் முடியும் வேலைகள். கிராமத்து மாதர் சங்கங்கள் ஒன்று சேர்ந்து அரிசி ஆலையில் உமியை மொத்தமாக எடுத்துப் பகிர்ந்துகொண்டாற் போக்குவரத்துச் செலவும் குறையும். கிடுகு பின்னத் தெரிந்தவரும் வாய்க்கால் வெட்ட வலுவுள்ளவரும் வேலையை மாறிச் செய்துகொள்ளலாம். கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்களின் கூரைகளை முதலில் வேய்ந்து கொடுங்கள். பத்துக் கோழி என்பது அவ்வீடுகளிற் பிள்ளையின் கொப்பிக்கும் பேனாவுக்குமான பணம்.

மழை தொடங்கிய பின் காலையில் எச்சப் பலகையைச் சுரண்டுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைப் பாருங்கள். ஒரு பிடி கூளத்தைக் கையிலெடுத்துப் பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். உலர்ந்த கூட்டிலுள்ள கோழி தின்ற தீனிக்கு முட்டை தரும், குஞ்சும் தப்பும். நாலு முட்டையை வேலிக்கு மேலால் அயலவர் கையிற் கொடுக்கும்போது, அவர் முகத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொள்வார்.